15 வருடம் முடிந்த காருக்கு எஃப்.சி.: ஒர்க்ஷாப் சொல்லும் குறைகளில் எது நிஜம், எது தேவையில்லாதது?

சொந்த உபயோகத்துக்கான காரின் ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி, பரிசோதனையில் தேறி, 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நம் ஊரில் இதை 'எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுறது' என்றுதான் சொல்வோம். முதல் தடவை போகிறவர்கள் பயப்படுவது ஆர்.டி.ஓ. அலுவலகத்தை நினைத்து. என் அனுபவத்தில் பணமும் தூக்கமும் போவது அதற்கு முந்தைய கட்டத்தில். "எஃப்.சி.க்கு ரெடி பண்ணித் தாங்க" என்று வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டதும் ஒரு பட்டியல் வரும். எனக்கு வந்த பட்டியலின் மொத்தத் தொகை, வண்டியை விற்றால் கிடைக்கும் விலையில் பாதியைத் தொட்டது.

அந்தப் பட்டியலில் பொய்யும் இருந்தது, உண்மையும் இருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தால் பணம் போயிருக்கும். எல்லாமே ஏமாற்று என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தால், தேய்ந்துபோன டை ராடு எண்டோடு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) நாகர்கோவில் பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஓட்டிக்கொண்டிருப்பேன். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில் (டி.என். 74), மார்த்தாண்டம் (டி.என். 75) இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் பொருந்தும்.

1. முதலில் தேதியைப் பாருங்கள்

ஆர்.சி.யில் பதிவு எதுவரை செல்லும் என்று போட்டிருக்கும். அந்தத் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அந்த 60 நாளும் உங்களுக்கு வேண்டும். ஒர்க்ஷாப்காரர்களின் கை ஓங்குவது அவசரத்தில்தான். "நாளை மறுநாள் முடியுது, இப்ப மாத்தலேன்னா பாஸ் ஆவாது" என்று சொன்னால் யோசிக்க நேரம் இருக்காது. நேரம் கையில் இருந்தால் வேறு இடத்தில் காட்டலாம், கடைகளில் விலை கேட்கலாம், பரிசோதனையில் ஏதாவது குறை சொன்னால்கூடச் சரிசெய்து மறுபடி போகலாம்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வண்டி வீட்டு ஷெட்டில் நிற்கும், ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும், படிவத்தில் கையெழுத்தும் உங்களுடையதாக இருக்க வேண்டும். லீவுக்கு வரும் நாட்கள் இந்த 60 நாளுக்குள் விழுகிறதா என்று டிக்கெட் போடும்போதே பாருங்கள். வயதான அப்பாவையோ மனைவியையோ ஒர்க்ஷாப்புக்கு அனுப்பி, ஃபோனில் "என்ன வேணுமோ பண்ணிருங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்தே பட்டியல் நீளும்.

மழையையும் கணக்கில் வையுங்கள். நமக்கு வருடத்தில் இரண்டு மழை. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. வெல்டிங், டிங்கரிங், பெயின்ட் வேலை ஏதாவது நிஜமாகவே தேவைப்பட்டால் அந்த மாதங்களில் இழுத்துக்கொண்டே போகும்.

தேதி தவறினால் காருக்குத் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதல்.

2. பேப்பர் வேலையை வண்டி வேலைக்கு முன்பே முடியுங்கள்

வேண்டியவை: படிவம் 25, அசல் ஆர்.சி., நடப்பில் உள்ள இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் அட்டை, சேசிஸ் எண்ணின் (வண்டியின் உடம்பில் பொறித்திருக்கும் எண்) பென்சில் அச்சு. விண்ணப்பமும் கட்டணமும் அரசின் பரிவாகன் இணையதளத்தில். அதில் பதிந்திருக்கும் கைபேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

கட்டணம் 15 வருடம் முடிந்த காருக்கு 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரியும் ஸ்மார்ட் கார்டு கட்டணமும் இதில் சேராது. "கவர்மென்ட் ஃபீஸே இவ்வளவு ஆகும்" என்று யாராவது மொத்தமாக ஒரு தொகை சொன்னால், தளத்திலிருந்து வரும் ரசீதைக் கேளுங்கள். ஒவ்வொரு வரியும் தனித்தனியாக அதில் இருக்கும்.

பேப்பரில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று:

கார் லோன் கட்டி முடித்துப் பல வருடம் ஆகியிருக்கும். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும். வங்கியிடமிருந்து என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) படிவம் 35-ம் வாங்கி அதை நீக்கிவிடுங்கள்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளாவிலிருந்து வாங்கிய கே.எல். வண்டி என்றால், அங்கிருந்து என்.ஓ.சி. வாங்குவது, இங்கே வரி கட்டுவது, டி.என். எண் பெறுவது எல்லாம் தனி வேலை. மாதக்கணக்கில் முன்னதாகவே தொடங்குங்கள்.

மூன்றாவது சேசிஸ் எண். கடல் காற்றுக்கு அந்த இடத்தில் துரு ஏறி எழுத்து மங்கியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தால் தெளிந்து வரும். ஒர்க்ஷாப் பையன் கிரைண்டரைக் கையில் எடுத்தால் உடனே தடுங்கள். எண் தேய்ந்துபோனால், யாரோ வேண்டுமென்றே அழித்த மாதிரித் தெரியும். அப்புறம் அதற்கு விளக்கம் சொல்லி முடியாது.

3. புகைச் சோதனையை ஒர்க்ஷாப்புக்கு முன் செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் புகைச் சான்று எடுப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். இருபது நிமிடமாவது ஓட்டி இன்ஜின் நன்றாகச் சூடானபின் புகைச் சோதனை நிலையத்துக்குப் போங்கள். தேறிவிட்டால் அந்தத் தாள் உங்கள் கையில் ஒரு சாட்சி. பிறகு யாராவது "இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங், இன்ஜின் ஃப்ளஷ் பண்ணாம எஃப்.சி. கிடைக்காது" என்றால் தாளைக் காட்டலாம். தேறவில்லை என்றால் நிஜமாகவே இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறீர்கள். இந்தப் பழைய வண்டிகளுக்குச் சான்று 6 மாதமாவது செல்லும், அதனால் சீக்கிரம் எடுத்தாலும் வீணாகாது.

4. வண்டியை விடும்போது சொல்ல வேண்டிய வாக்கியம்

"எஃப்.சி.க்கு ரெடி பண்ணுங்க" என்று சொல்லாதீர்கள். "முதலில் பார்த்து எஸ்டிமேட் மட்டும் கொடுங்க, நான் சரி சொன்ன பிறகு வேலை செய்யலாம்" என்று சொல்லுங்கள். ஜாப் கார்டிலேயே (வண்டியை விடும்போது ஒர்க்ஷாப்பில் எழுதும் வேலைச் சீட்டு) 'வாடிக்கையாளரைக் கேட்காமல் எந்தப் பாகமும் மாற்றக் கூடாது, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்' என்று எழுதச் சொல்லி, ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே கிலோமீட்டர், பெட்ரோல் முள், நான்கு டயர், பேட்டரி எல்லாவற்றையும் ஒரு படம். ஜாப் கார்டே இல்லாத சின்ன ஒர்க்ஷாப் என்றால், வாட்ஸ்அப்பில் அதே வாக்கியத்தை அனுப்பி "சரிண்ணே" என்று பதில் வாங்குங்கள். அதுவே போதும்.

எஸ்டிமேட் போடக் காசு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் செக்கிங் சார்ஜ் வாங்குவார்கள். அது நியாயம்தான், ஒரு ஆள் நேரம் செலவழித்துப் பார்க்கிறார். அந்தச் சின்னத் தொகையைக் கொடுத்துவிட்டால், 'இங்கேதான் வேலையைக் கொடுக்கணும்' என்கிற சங்கடம் உங்களுக்கும் இருக்காது.

5. பட்டியலைக் கவுண்டரில் படிக்காதீர்கள், வண்டிக்கு அடியில் நின்று படியுங்கள்

இதுதான் முக்கியமான கட்டம். ஏ.சி. அறையில் உட்கார்ந்து கணினித் தாளைப் படித்தால் எல்லாமே ஆபத்தாகத் தெரியும். "வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி ஒவ்வொன்றாகக் காட்டுங்க" என்று கேளுங்கள். உண்மையாகச் சொல்கிறவர் சந்தோஷமாகக் காட்டுவார். ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி: எங்கே, காட்டுங்க. அளவு எவ்வளவு? மாற்றாமல் மூன்று மாதம் ஓட்டினால் என்ன ஆகும்?

*பிரேக் டிஸ்க்.* நம் மாவட்டத்தில் அடிக்கடி வரும் வரி இதுதான்: "டிஸ்க் துருப்பிடிச்சுப் போச்சு, செட்டா மாத்தணும்." குளச்சல், மணக்குடி பக்கம் ஒரு வாரம் வண்டி நின்றால் போதும், டிஸ்க் முழுக்கச் செம்மண் பூசினதுபோல் ஆகிவிடும். மழையில் நனைந்தால் ஒரே ராத்திரியில் வந்துவிடும். அது மேல்துரு. வண்டியை எடுத்து மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை பிரேக் பிடித்தால், பேடு உரசும் பகுதி மறுபடி வெள்ளியாக மின்னும். என் வண்டியில் மாற்றியே ஆக வேண்டும் என்ற டிஸ்க் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பளபளத்தது. ஓட்டிய பிறகும் குழி குழியாக இருந்தாலோ, நகத்தை ஓட்டினால் ஆழமான வரி தட்டுப்பட்டாலோ, பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினாலோ அது வேறு கதை. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த அளவுக்குக் கீழே போயிருந்தால் பேரம் பேசாமல் மாற்றுங்கள்.

*பிரேக் பேடு.* புதிதில் ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. பக்கம் வந்தால் மாற்ற வேண்டும். 6 இருந்தால் இப்போது தேவையில்லை.

*ஹேண்ட் பிரேக்.* பரிசோதனையில் இதைக் கட்டாயம் பார்ப்பார்கள். பல நேரம் கேபிளை முறுக்கி அட்ஜஸ்ட் செய்தாலே பிடித்துவிடும், அல்லது பின் டிரம்மைத் திறந்து தூசி தட்டிச் சரிசெய்தால் போதும். நேராகக் "கேபிள் புதுசு, ஷூ புதுசு" என்று எழுதினால், முதலில் அட்ஜஸ்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

*சஸ்பென்ஷன், ஸ்டியரிங்.* பெரிய தொகை இங்கேதான் ஒளிந்திருக்கும். பெரிய ஆபத்தும் இங்கேதான். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றால், எண்ணெய் கசிந்து ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். வெறும் தூசி படிந்திருப்பது கசிவு இல்லை. வண்டியின் மூலையை அழுத்தி விட்டால் ஒன்றிரண்டு ஆட்டத்தில் நிற்க வேண்டும். அடுத்து, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராடு எண்டு. என் வண்டியில் இடது முன் சக்கரம் பக்கவாட்டில் ஆடியதை என் கையாலேயே உணர்ந்தேன். அதை அன்றே மாற்றினேன். அதே தாளில் இருந்த "நாலு ஷாக், லோயர் ஆர்ம் செட், லிங்க் ராடு" எதுவும் தேவைப்படவில்லை.

*லைட், வயரிங்.* ஒரு பக்கம் இண்டிகேட்டர் எரியவில்லை என்றால் "வயரிங் முழுசா போச்சு" என்பார்கள். பல்பு, ஃப்யூஸ், எர்த் இணைப்பில் உப்புப் பூத்திருப்பது, எலி கடித்த ஒரு வயர், இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வீடு இருக்கிறவர்களுக்கு எலி நிஜமான தொல்லை. ஆனால் கடித்த இடத்தைக் காட்டட்டும். மஞ்சளடித்த ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் செய்தாலே தெளிவாகும், புது யூனிட் வேண்டாம்.

*துருவும் பெயின்டும்.* "முழு பெயின்ட் அடிச்சாத்தான் பாஸ்" என்பது தேவையில்லாத செலவுகளில் மிகப் பெரியது. நிறம் ஆர்.சி.யில் உள்ள நிறமாக இருக்க வேண்டும், உடம்பில் கிழிந்த தகரமோ கூர்மையான விளிம்போ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கீறலுக்கும் மங்கலுக்கும் டச்சப் போதும். ஆனால் கீழ்ப்பக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். கால்மிதியை நீக்கித் தரைத் தகரத்தையும், கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியையும் ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. மொத்தென்று அமுங்கினாலோ பொடி கொட்டினாலோ வெல்டிங் செய்தே ஆக வேண்டும். துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே அண்டர்பாடி கோட்டிங் அடிக்க விடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கி இன்னும் வேகமாக அரிக்கும், வெளியே கறுப்பாக அழகாக இருக்கும்.

*டயர்.* பள்ளங்களுக்குள் குட்டி மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் ஆழம் 1.6 மி.மீ.தான் மிச்சம், மாற்றுங்கள். தொடவில்லை என்றாலும் பக்கச் சுவரில் வெடிப்போ புடைப்போ இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் நின்றே பழகிய வண்டிகளில் இது சகஜம்.

ஏ.சி. கேஸ், த்ராட்டில் பாடி கிளீனிங், வாசனை போக்கும் ஸ்ப்ரே, உள் அலங்கார பாலிஷ் போன்ற வரிகளுக்கும் எஃப்.சி.க்கும் சம்பந்தமே இல்லை. அடித்துவிடுங்கள்.

6. இரண்டாவது இடத்தில் காட்டும்போது முதல் பட்டியலைக் காட்டாதீர்கள்

காட்டினால், அதிலிருந்து கொஞ்சம் குறைத்துச் சொல்லி வேலையை வாங்கப் பார்ப்பார்கள். அல்லது தெரிந்தவர் சொன்னது என்று அப்படியே ஆமோதிப்பார்கள். ஒன்றும் சொல்லாமல் "எஃப்.சி. வருது, என்னென்ன இருக்கு பாருங்க" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பவை பெரும்பாலும் நிஜம். ஒன்றில் மட்டும் இருப்பவற்றுக்கு மறுபடி அந்த மூன்று கேள்வி.

எனக்கு உதவியது வீல் அலைன்மென்ட் கடை. அலைன்மென்ட் எப்படியும் செய்ய வேண்டும், சில நூறு ரூபாயில் முடியும், வண்டியை மேலே ஏற்றுவார்கள். அடியில் ஆட்டம் இருந்தால் அலைன்மென்ட் நிற்காது என்பதால் அவர்களே முதலில் ஆட்டிப் பார்ப்பார்கள். ஷாக் அப்சார்பர் விற்காத கடையாகப் பார்த்துப் போங்கள்.

7. பாகமும் பில்லும்

சரி சொன்ன வேலைகளுக்கு மட்டும் புது எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். பாகம் கம்பெனியுடையதா, வெளிக் கம்பெனியுடையதா என்று பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எம்.ஆர்.பி. அட்டைப்பெட்டியில் அச்சாகியிருக்கும், பெட்டியைக் கேளுங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் வண்டி மாடலையும் வருடத்தையும் சொன்னால் ஃபோனிலேயே விலை சொல்வார்கள். சின்ன ஒர்க்ஷாப்களில் நீங்களே பாகம் வாங்கிக் கொடுத்து லேபர் மட்டும் தரலாம். அப்படிச் செய்தால் பாகத்தின் உத்தரவாதம் உங்களுக்கும் கடைக்கும் இடையில்தான், அதனால் கடை பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

வேலை தொடங்கும் முன், மாற்றப்போகும் பழைய பாகத்தின்மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். திரும்பி வரும் பழைய பாகத்தில் அந்தக் கோடு இருக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், லேபருக்கும் 18. பாகத்துக்கு 28 என்று போட்டிருந்தால் கேளுங்கள். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வரி மட்டும் சேர்த்திருந்தாலும் கேளுங்கள்.

8. பரிசோதனைக்குப் போகும் நாள்

முன்பதிவுச் சீட்டில் எந்த இடம், எந்த நேரம் என்று இருக்கும். காலையிலேயே வண்டியைக் கழுவிக்கொண்டு போங்கள். சேறு ஒட்டிய நம்பர் பிளேட்டும் மங்கிய எழுத்தும் முதல் பார்வையிலேயே கெட்ட பெயர் வாங்கித் தரும். கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிம், பம்பருக்கு முன்னால் மாட்டிய இரும்புக் கம்பி, காதைக் கிழிக்கும் ஹாரன் மூன்றையும் முந்தின நாளே கழற்றிவிடுங்கள். வைப்பர், வாஷர் தண்ணீர், எல்லா விளக்கு, சீட் பெல்ட், பக்கக் கண்ணாடி, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வீட்டு வாசலில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பின் பிரேக் லைட்டைப் பார்க்கச் சின்னப் பையன் ஒருவன் போதும்.

மோட்டார் வாகன ஆய்வாளர் ஏதாவது குறை சொன்னால் என்ன குறை என்று தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதை மட்டும் சரிசெய்து மறுபடி காட்டினால் போதும். வெளியே நிற்கும் இடைத்தரகர் "இதுக்குத்தான் அன்னிக்கே எல்லாத்தையும் மாத்தச் சொன்னேன், குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று வந்தால் நின்று பேசாதீர்கள்.

9. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால்

மாற்றாத பாகத்துக்கு பில் போட்டிருந்தால், கேட்காமல் மாற்றியிருந்தால், முதலில் ஒர்க்ஷாப் மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஜாப் கார்டு படம், பில், பழைய பாகம், இரண்டாவது இடத்தின் எஸ்டிமேட் ஆகியவைதான் உங்கள் ஆதாரம். பல பேருக்கு இந்தக் கட்டத்திலேயே பணம் திரும்பிவிடும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலன் இல்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம்.

10. புது ஆர்.சி. கைக்கு வந்ததும்

பெயர், முகவரி, இன்ஜின் எண், சேசிஸ் எண், செல்லுபடித் தேதி ஐந்தையும் பழையதோடு வைத்துச் சரிபாருங்கள். வங்கியின் பெயர் நீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் உடனே அலுவலகத்தில் சொல்லுங்கள், விற்கும்போதோ இன்ஷூரன்ஸ் கேட்கும்போதோ அது பெரிய தலைவலியாகும். ஒர்க்ஷாப் பில்களையும் அதே கவரில் போட்டு வையுங்கள். அடுத்த சர்வீஸில் யாராவது அதே டை ராடு எண்டை மறுபடி எழுதினால், என்றைக்கு எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது என்று எடுத்துக் காட்டலாம்.